வெற்றிலை சுமந்த பழி

நவராத்திரி நாள்களில் முலுண்டில் தமிழர் குடியிருக்கும் கட்டிடம் ஒன்றினுள் நுழைந்தால், மாடிக்கு மாடி தாம்பூலத் தட்டு காத்திருக்கும். இரண்டு வெற்றிலை, மஞ்சள், குங்குமம், பழம், ஒரு தேங்காய், இவற்றின் நடுவே பளபளக்கும் காகிதத்தில் சிறு பாக்குப் பொட்டலம். கொலு பார்க்க வந்த பெண்டிர் பையோடு வாங்கிச் செல்லும் இப்பொருள்களுள் தேங்காய் சமையலறைக்குப் போகும். வெற்றிலை பெரும்பாலும் வாடிப் போகும். பொட்டலத்தை மட்டும் குழந்தைகள் பிரித்து வாயில் போட்டுக்கொள்வார்கள். இனிப்பாய் இருக்கும், மணக்கும். "புகையிலை இல்லையே, வெறும் பாக்குத்தானே" என்று தாய்மாரும் தடுக்காமல் விட்டுவிடுவர்.

'வெறும் பாக்குத்தானே' என்னும் அச்சொல்லின் வரலாற்றையே இங்குச் சொல்லப் புகுகிறோம். அது நெடிய வரலாறு. நாஞ்சில் நாட்டிலே தொடங்கி, பம்பாய் வழியாக, கடல் கடந்து ஆப்பிரிக்கா வரை சென்று, தைவான் தீவில் ஏறத்தாழ முடிவுக்கு வந்த வரலாறு. அதில் வெற்றிலை பழி சுமந்தது, புகையிலை பழி சுமந்தது, மிளகாய்கூடப் பழி சுமந்தது. பாக்கு மட்டும் நெடுநாள் மரியாதையோடு தட்டிலேயே வீற்றிருந்தது.

இதில் நமக்கு அக்கறை பிறந்ததற்கு நம் கட்டிடத்துப் பெரியவர் ஒருவரே காரணம். நாகர்கோவில் பக்கத்தவர், இளமையிலேயே பம்பாய்க்கு வந்து, வேலை பார்த்து, ஓய்வு பெற்றவர். நாம் அவரை அண்ணாச்சி என்று அழைப்பது வழக்கம். மாலையில் அவர் வீட்டு முகப்பில் அமர்ந்தால் வெற்றிலைப் பெட்டி திறக்கும். பாக்குவெட்டி நறுக்கு நறுக்கென்று ஒலிக்கும். ஊர்ப்பேச்சும் கூடவே வரும். சில ஆண்டுகளுக்கு முன்பு அவருக்கு ரசம் காரமாகத் தோன்றத் தொடங்கியது. பிறகு மோர்க்குழம்பு எரிந்தது. பிறகு சோற்று உருண்டையைச் சிறிதாக்கினால்தான் வாய்க்குள் போகும் என்ற நிலை வந்தது. "பல் வலியாக இருக்கும், தம்பி" என்று சொல்லிக்கொண்டு ஓராண்டைக் கடத்திவிட்டார்.

கடைசியில் நாமே உடன் சென்றோம். பல் மருத்துவர் அவரை வாயைத் திறக்கச் சொல்லி, மூன்று விரல்களை நெட்டுக்குத்தாக நுழைக்கப் பார்த்தார். ஒன்றரை விரலுக்கு மேல் இடமில்லை. கன்னத்தின் உட்புறம் வெளிறிப் பளிங்கு போல் இருந்தது. தடவிப் பார்த்தால் கயிறு கயிறாகத் தட்டுப்படுகிறது என்றார். "தம்பாகூ எத்தனை வருடமாக?" என்று அடுத்த கேள்வி வந்தது. அண்ணாச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. "பொயிலையை நான் தொட்டதே கிடையாது. வெற்றிலை மட்டும்தான்" என்றார், நம் பக்கம் திரும்பி, சாட்சி கேட்பவர் போல.

அவர் சொன்னது உண்மையே. ஆனால் அந்த உண்மைக்குள் ஒரு மறைப்பு இருந்தது. அதை அவர் அறியார், அன்று நாமும் அறியோம். 'வெற்றிலை போடுதல்' என்கிறோம். பாக்குப் போடுதல் என்பதில்லை. மூன்று பொருள் சேர்ந்த ஒன்றுக்கு இலையின் பெயரை மட்டும் இட்டு வழங்குவது தமிழ் வழக்கு. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இங்கே ஒரு கூச்சமும் உண்டு. ஆங்கிலத்தில் பாக்கைப் 'பீட்டல் நட்' என்பர். 'பீட்டல்' என்பது மலையாளத்து வெற்றிலையைப் போர்த்துக்கீசியர் தம் நாவிற்கு ஏற்பத் திரித்துக்கொண்ட சொல். ஆகவே 'பீட்டல் நட்' என்றால் வெற்றிலையின் கொட்டை என்றாகிறது! வெற்றிலையோ கொடி, மிளகின் இனம். பாக்கோ கமுகு என்னும் பனையினத்து மரத்தின் காய். ஒன்றுக்கொன்று உறவே இல்லை. பாக்கிற்கென்று ஆங்கிலத்தில் 'அரெக்கா' என்று தனிச்சொல் இல்லாமலும் இல்லை. அது நம் அடைக்காயிலிருந்தும் அதன் உடன்பிறப்பான மலையாள அடக்காவிலிருந்தும் போனதே. எனினும் மருத்துவ ஏடுகளிற்கூட நெடுங்காலம் 'பீட்டல்' என்றே எழுதி வந்தார்கள். சுகாதாரக் குறிப்பு ஒன்று ஒருமுறை நம் மேசைக்கு வந்தபோது அச்சொல்லை 'வெற்றிலை பாக்கு' என்று பெயர்த்து அனுப்பியவர் நாமே. அதைப் படித்தவர் இலைக்கும் காய்க்கும் சமமாகப் பழி என்றுதான் எண்ணியிருப்பார்.

பழைய நூல்களைப் புரட்டினால் தாம்பூலத்திற்குக் கிடைக்கும் பெருமை அளவிறந்தது. மதுரைப் புறஞ்சேரியில் ஆய்ச்சியர் குடிலில் கோவலனுக்குக் கண்ணகி கடைசியாகச் சோறு படைத்த பின் வெற்றிலையும் அடைக்காயும் கொடுத்ததாகச் சிலப்பதிகாரம் கூறுகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் இறைவனுக்குரிய நிவந்தங்களுள் அடைக்காயமுதும் இலையமுதும் இடம் பெறும். சரக சம்கிதையும் சுசுருத சம்கிதையும் உணவிற்குப் பின் வாய் மணக்கவும் தூய்மை பெறவும் தாம்பூலத்தை விதித்தன. உடன் சாதிக்காய், கிராம்பு, கற்பூரம் முதலியவற்றையும் சொல்லின.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தைக் கண்ட மார்க்கோ போலோ, இவ்வூரார் 'தெம்புல்' என்னும் இலையை ஓயாமல் வாயில் வைத்திருக்கின்றனர் என்றும், கற்பூரமும் நறுமணப் பொருள்களும் சுண்ணாம்பும் அதனோடு சேர்கின்றன என்றும், உடல்நலத்திற்கு இது மிக நல்லது என்று சொல்லப்படுகிறதென்றும் குறித்தார். அப்பகுதியில் அவர் பாக்கைப் பெயர்சொல்லிக் குறிக்கவில்லை. அயல்நாட்டார் கண்ணுக்கும் இலையே முதலிற் பட்டது போலும். 1443-இல் விசயநகரம் வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக்கிற்கு மன்னர் தேவராயர் வெற்றிலையும் கற்பூரமும் தந்து உபசரித்தார். தூதரும் அதன் சுவையில் மயங்கிப் பக்கம் பக்கமாகப் புகழ்ந்தார். நாம் இப்போது வாழும் மராட்டிய நாட்டிலும் இம்மதிப்புக் குறைந்ததன்று. அரிய செயல் ஒன்றை ஏற்பதை 'விடா எடுத்தல்' என்று மராட்டியில் சொல்வர். விடா என்றால் மடித்த தாம்பூலம். வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதும் நிச்சயதாம்பூலமும் நமக்கு எப்படியோ, அப்படியே அவர்களுக்குப் பான்சுபாரி.

இந்தப் பழைய தட்டில் ஒரு பொருள் இல்லை. அது புகையிலை. அமெரிக்கக் கண்டத்துச் செடியாகிய அதனைப் பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் நம் கரைகளுக்குக் கொணர்ந்தனர். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிஜப்பூரிலிருந்து அசத் பேக் என்பவர் அக்பரின் அவைக்கு அதை எடுத்துச் சென்றார். 1617-இல் சகாங்கீர் புகைத்தலைத் தடைசெய்து பார்த்தார், பயனில்லை. புகைக்கும் புகையிலை அரண்மனைகளுக்குச் சென்றது. மெல்லும் புகையிலை உழவர் மடியிலும் உழைப்பாளர் மடியிலும் ஏறிக்கொண்டது. பம்பாயில் பஞ்சாலைகள் பெருகிய காலத்தில் இதற்கு ஒரு காரணமும் கூடியது. பஞ்சு பறக்கும் இடத்தில் நெருப்புக்கு இடமில்லை. பீடி பற்றவைக்க முடியாதவன் புகையிலையைச் சுண்ணாம்போடு கசக்கிக் கடைவாயில் அடக்கிக்கொண்டான். பன்னிரண்டு மணி நேர வேலையில் பசியும் அலுப்பும் சற்று மரத்துப்போவது அவனுக்கு வேண்டியிருந்தது. தாராவித் தோற்கிடங்குகளுக்குத் திருநெல்வேலியிலிருந்து வந்தவர்களும் ஊரிலிருந்தே இப்பழக்கத்தை மடியில் கட்டிக்கொண்டு வந்தனர். அவர்களைக் குறைகூற நமக்கு மனம் வருவதில்லை.

உணவிற்குப் பின் ஒருமுறை மென்று துப்பும் தாம்பூலம் வேறு. நாள் முழுதும் ஒரே இடத்தில் அடக்கிவைக்கும் தாம்பூலம் வேறு. இவ்வேறுபாட்டை முதலிற் கண்டவர்கள் தென்கோடி மருத்துவர்கள். 1902-இல் சென்னையில் பணியாற்றிய நிப்லாக் என்னும் அறுவை மருத்துவர், கன்னத்துப் புற்றுநோய்க்கும் தாம்பூலத்திற்கும் தொடர்பு உண்டு என எழுதினார். அடுத்து நெய்யூர். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் அவ்வூர் அன்று திருவிதாங்கூர் சமத்தானத்தைச் சேர்ந்தது. இலண்டன் மிஷன் சங்கத்தார் 1838-இல் அங்கே தொடங்கிய மருத்துவப் பணி பெரிய மருத்துவமனையாக வளர்ந்திருந்தது. அங்குப் பணியாற்றிய பென்டால் என்பவர் 1908-இல் 1700 புற்றுநோயாளரைப் பற்றித் தொகுத்து எழுதிய கட்டுரை, பிரிட்டிஷ் மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. மேனாடுகளில் புற்றுநோய் வயிற்றிலும் பிற உறுப்புகளிலும் மிகுதியாகத் தோன்ற, திருவிதாங்கூரில் அது வாயில் வந்து குடிகொண்டிருப்பதைக் கண்டு மருத்துவ உலகம் வியந்தது. கால் நூற்றாண்டுக்குப் பின், 1933-இல், அதே நெய்யூரிலிருந்து ஓர் என்பவர் 'லான்செட்' ஏட்டில் எழுதினார். நோயாளி எந்தப் பக்கத்துக் கடைவாயில் தாம்பூலத்தை அடக்குகிறானோ அந்தப் பக்கத்திலேயே புண் தோன்றுவதை அவர் சுட்டினார். அதனுள் இருந்த புகையிலையின் பங்கை வலியுறுத்தினார்.

நெய்யூர் என்ற பெயரை நாம் சொன்னதும் அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். சிறுவயதில் கால் முறிவுக்கு அவரைத் தூக்கிச் சென்றது அந்த மருத்துவமனைக்குத்தான். "அங்கே வாய்ப்புண்ணோடு துண்டால் முகத்தை மூடிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள், தம்பி. நாங்கள் பயந்து ஓடுவோம்" என்றார். சற்றுப் பொறுத்து, "அவர்கள் எல்லாரும் பொயிலை போடுகிறவர்கள்" என்று சேர்த்துக்கொண்டார்.

புகையிலைக்கு எதிரான வழக்கு பம்பாயில் உறுதிப்பட்டது. பரேலில் டாட்டா நினைவு மருத்துவமனை 1941 பிப்ரவரி 28-இல் திறக்கப்பட்டது. முலுண்டில் ஏறினால் அதே மத்திய இரயில்வேத் தடத்தில் பரேல். வண்டி மாறவும் வேண்டியதில்லை. இப்பாதையில் எத்தனை குடும்பங்கள் நெஞ்சிடியோடு பயணம் செய்திருக்கும்! அங்கு நோய்க்குறியியல் துறைக்குத் தலைவராக இருந்த வசந்த் ராம்ஜி கானோல்கர், வரிசையாக வந்த 1000 வாய்ப்புற்று நோயாளரை ஆராய்ந்து 1944-இல் வெளியிட்டார். பம்பாய் பல மக்கள் கூடிய நகர் அல்லவா? பீடி புகைக்கும் கூட்டத்தார்க்கு நோய் தொண்டையை ஒட்டித் தோன்ற, மெல்லும் கூட்டத்தார்க்குக் கன்னத்தில் தோன்றியது. பழக்கம் எங்கே தீண்டுகிறதோ அங்கே நோய். 1955-இல் சங்வி, ராவ், கானோல்கர் மூவரும் நோயாளரையும் நோயற்றவரையும் ஒப்பிட்டுப் புகையிலையின் குற்றத்தை நாட்டினர். 1963-இல் நம் நாட்டின் முதல் மக்கள்தொகைப் புற்றுநோய்ப் பதிவகம் பம்பாயிலேயே அமைந்தது.

இவ்வளவு பேரறிஞர் கூடிப் புகையிலையைக் கூண்டில் ஏற்றியதால் நேர்ந்த ஒரு விளைவை அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். புகையிலை குற்றவாளி என்றால் மற்றவை நிரபராதி என்று மக்கள் கொண்டார்கள். "புகையிலையை விட்டுவிட்டேன், வெறும் சீவல்தான்" என்று பெருமையோடு சொல்வோர் நம்மிடையே எத்தனை பேர்!

பாக்கின் மீதான ஐயம் வேறொரு வாசல் வழியே வந்தது. அவ்வாசலும் புலம்பெயர்ந்தோர் வாழ்ந்த இடமே. 1952-இல் ஷ்வார்ட்ஸ் என்பவர், கென்யாவில் குடியேறி வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களுக்கு வாய் இறுகித் திறக்க முடியாமற்போன ஒரு புதுநோயை விவரித்தார். அவர் இட்ட இலத்தீன் பெயரின் பொருள், 'காரணம் அறியப்படாத வாய்ச்சவ்வுச் சுருக்கம்' என்பது. அடுத்த ஆண்டே பம்பாயில் காது மூக்குத் தொண்டை மருத்துவரான ஜோஷி இதே நோயைத் தம் நோயாளரிடம் கண்டு, சவ்வின் அடியில் நார் படர்தல் என்று பொருள்படப் பெயரிட்டார், அப்பெயரே நிலைத்தது. 1954-இல் தைவானிலிருந்தும் இத்தகைய செய்தி வந்தது. 1956-இல் டாட்டா நினைவு மருத்துவமனையின் பேமாஸ்டர், இவ்வாறு நார் படர்ந்த வாயில் புற்று எழுவதைக் கவனித்தார்.

காரணம் என்ன? இங்கேதான் மிளகாய் அகப்பட்டுக்கொண்டது. நோயாளர் எல்லாரும் இந்தியர். எல்லாரும் காரம் தாளவில்லை என்று முறையிட்டனர். ஆகவே காரமே காரணமாக இருக்கலாம் என்று தோன்றிற்று. 1960-இல் சிர்சாட்டும் கானோல்கரும் எலிகளின் வாயில் மிளகாயின் காரச் சத்தைப் பூசிச் சோதித்தனர். சவ்வில் நார் படர்ந்ததாகவும் அறிவித்தனர். நோயின் விளைவாகிய எரிச்சல் நோயின் காரணமாகத் தோன்றியது. ஆந்திரத்தார் நம்மினும் காரம் உண்பவர் என்பதைக் கருதினாலே இதில் ஐயம் பிறந்திருக்கும் என்று நமக்குத் தோன்றுகிறது. ஆயினும் பின்னறிவோடு முன்னோரை எள்ளுவது எளிது.

விடை காண வீடு வீடாகச் செல்ல வேண்டியதாயிற்று. பம்பாய்க் கொலாபாவிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் பல்மருத்துவ ஆராய்ச்சிப் பிரிவு ஒன்று இயங்கிவந்தது. பாலி மேத்தாவும் டென்மார்க்கைச் சேர்ந்த பின்ட்போர்க்கும் அவர்தம் தோழரும் 1960களில் எர்ணாகுளம், ஸ்ரீகாகுளம், பாவநகர், தர்பங்கா, சிங்பூம் ஆகிய ஐந்து மாவட்டங்களில் ஏறத்தாழ 50,000 கிராம மக்களின் வாயைத் திறந்து பார்த்தனர். பிறகு எர்ணாகுளத்தில் நார் படர்ந்தவர்களை 17 ஆண்டுகள் விடாது தொடர்ந்தனர். அவர்களுள் 7.6 விழுக்காட்டினர்க்குப் புற்று எழுந்ததென 1985-இல் வெளிவந்தது. ஒரு கண்ணாடியும் விளக்கும் கொண்டு சைக்கிளிலும் படகிலும் சென்று திரட்டக்கூடிய அறிவு இது. நம் நாட்டு மருத்துவ வரலாற்றில் இத்தகைய பொறுமை அடிக்கடி காணக் கிடைப்பதன்று. இந்நோய்க்காரரிடம் பொதுவாய் இருந்த பழக்கம் பாக்கு மெல்லுதலே என்பது படிப்படியாகத் தெளிவாயிற்று.

ஆய்வுக்கூடங்களும் இதையே கூறின. 1970களில் பரேலின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் கமல் ரணதிவேயும் அவர் குழுவினரும் பாக்கின் சாற்றை விலங்குகளிடம் செலுத்தி அதன் தீமையைக் கண்டனர். வெற்றிலையைத் தனியே சோதித்தபோது அத்தீமை காணப்படவில்லை. 1980களில் இலண்டனில் நடந்த சோதனைகள் உள்நிகழ்ச்சியை விளக்கின. பாக்கில் அரிக்கோலின் என்னும் காரச் சத்து உண்டு. மென்றவுடன் வியர்ப்பதும் தலை சற்றுச் சுழல்வதும் அதனாலேயே. சுண்ணாம்பு அதை எளிதில் வெளிப்படுத்தி வேறோர் உருவாக மாற்றுகிறது. அது கன்னத்துச் சவ்வின் அடியிலுள்ள நுண்ணறைகளைத் தூண்டி நார்ப்பொருளை அளவிற்கு மேல் சுரக்கச் செய்கிறது. பாக்கின் துவர்ப்பு அந்நாரைப் பதப்படுத்துகிறது. தோல் பதனிடுவோர் மரப்பட்டையின் துவர்ப்பால் தோலை அழுகாமற் காப்பது போல. தாராவிக்காரர்க்கு இவ்வுவமை நன்கு விளங்கும். உடல் பழைய நாரைக் கரைத்துப் புதுப்பிக்க இயலாமல் போகிறது. பாக்கில் மிகுதியாயுள்ள செம்புச் சத்து அந்நாரை மேலும் முறுக்கிக் கட்டுகிறது. முடிவில் கன்னம் கயிறாகிறது.

பல்லுக்கு நேரும் கேட்டை மக்கள் நன்கு அறிவர். அதைச் சுருங்கச் சொன்னாற் போதும். பல் கறுக்கும், சுண்ணாம்பும் எச்சிலும் சேர்ந்து காரை படியும், ஈறு இறங்கும், கொட்டைப் பாக்கைக் கடித்துக் கடித்துக் கடைவாய்ப் பல் தேய்ந்து தட்டையாகும், சில வேளை பிளக்கும். பாக்குப் போடுவோர்க்குப் பற்சொத்தை குறைவு என்று முதியோர் சொல்வதுண்டு. சில ஆய்வுகளும் அவ்வாறே கண்டன. சொத்தையில்லாப் பல் வரிசை திறக்க முடியாத வாய்க்குள் இருந்து என்ன பயன் என்று அண்ணாச்சியே ஒருநாள் கேட்டார்.

உலக அளவில் தீர்ப்பு இரு தவணையாக வந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1985-இல் வெளியிட்ட ஏட்டில், புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றுநோய் விளைவிக்கும் என்றது. புகையிலை சேராததைப் பற்றிச் சான்று போதாது என்று நிறுத்திக்கொண்டது. அந்த 'போதாது' என்னும் சொல் பதினெட்டு ஆண்டுகள் நின்றது. இடைக்காலத்தில் தைவானிலிருந்து சான்று குவிந்தது. அங்குள்ளோர் பாக்கோடு புகையிலை சேர்ப்பதில்லை. ஆயினும் வாய்ப்புற்று அவர்களிடம் மிகுந்தது. 2003-இல் மீண்டும் கூடிய அவ்வமைப்பு, புகையிலை சேராத தாம்பூலமும் மனிதர்க்குப் புற்று விளைவிக்கும் என்றும், பாக்கே தனித்துப் புற்று விளைவிக்கும் பொருள் என்றும் உரைத்தது. 1902-இல் நிப்லாக் எழுதத் தொடங்கியதிலிருந்து எண்ணினால் நூறாண்டும் ஒன்றும்.

அந்தப் பதினெட்டு ஆண்டுகளில்தான் பொட்டலம் வந்து நாட்டை மூடியது. முன்பெல்லாம் பாக்குப் போடுவதென்றால் பெட்டி திறந்து, வெற்றிலையின் காம்பு கிள்ளி, நரம்பு உரித்து, சுண்ணாம்பு தடவி, பாக்குச் சீவி, மடித்து வாயிலிட வேண்டும். அவ்வளவு வேலையே அளவிற்கு ஒரு வேலியாக இருந்தது. பொட்டலத்திலோ இலை இல்லை, வேலை இல்லை, வேலியும் இல்லை. பொடித்த பாக்கும் சுண்ணாம்பும் மணமும், பலவற்றில் புகையிலையும். சிறுவர் கைக்கும் எட்டும் விலை. வாயிறுகும் நோய் முன்பு முதியோரிடம் காணப்பட்டது போக, மீசை முளைக்கும் வயதினரிடமும் மருத்துவர் காணத் தொடங்கினர்.

தடைகளும் வந்தன. தமிழ்நாடு 2001-இல் குட்காவைத் தடைசெய்தது. மகாராஷ்டிரம் 2002-இல் தடைசெய்தது. இத்தகைய தடைக்கு மாநிலங்களுக்கு அதிகாரம் இல்லையென 2004-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. 2011-இல் நடுவண் அரசின் உணவுப் பாதுகாப்பு விதிகள், புகையிலையும் நிக்கோட்டினும் எவ்வுணவுப் பொருளிலும் சேரலாகாது என்றன. அவ்விதியைப் பற்றிக்கொண்டு 2012 ஏப்ரலில் மத்தியப் பிரதேசமும் சூலையில் மகாராஷ்டிரமும் மீண்டும் தடைவிதித்தன. 2013-இல் தமிழ்நாடும் தொடர்ந்தது. வணிகர்க்கு வழி தெரியாதா? பாக்குப் பொடியை ஒரு பொட்டலத்திலும் புகையிலையை ஒரு பொட்டலத்திலும் அடைத்து, இரண்டையும் இணைபிரியாமல் விற்றனர். மகாராஷ்டிர அரசு மணமூட்டிய பாக்கையும் புகையிலையையும் தடைக்குள் கொணர்ந்தது. இவ்வளவிற்குப் பின்னும் நிலையப் படிக்கட்டின் மூலைகள் சிவப்பாகவே இருக்கின்றன. வெறும் கொட்டைப் பாக்கோ, கொங்கணக் கரையின் ஸ்ரீவர்தனிலும் கன்னட நாட்டுச் சிமோகாவிலும் பல குடும்பங்களுக்குச் சோறு போடும் பயிர். அதை யாரும் தடுக்கவில்லை, எளிதில் தடுக்கவும் இயலாது.

அண்ணாச்சி பாக்கை நிறுத்தினார். எளிதாக நிறுத்தவில்லை, முதல் மாதம் வீட்டில் எல்லாரிடமும் எரிந்து விழுந்தார். மருத்துவர் ஊசிமருந்து போட்டார். அதோடு ஒரு பயிற்சியும் சொல்லிக்கொடுத்தார். ஐஸ்கிரீம் தின்னும் மரக்குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பல் வரிசைகளுக்கு நடுவே வைத்துக்கொள்ள வேண்டும். சில நாள்களுக்கு ஒருமுறை ஒரு குச்சி கூட்ட வேண்டும். படர்ந்த நார் மறையாது; மேலும் படராமல் நிற்கலாம், இருப்பது சற்று இளகலாம்; ஆறு மாதத்திற்கு ஒருமுறை வாயைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று மருத்துவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். பழைய வெற்றிலைப் பெட்டியில் இப்போது அக்குச்சிகள் இருக்கின்றன. காலையில் செய்தி கேட்டுக்கொண்டே அவற்றை வாயில் அடுக்கிக்கொள்வார். அந்நேரம் அவரோடு பேச முடியாது, கையசைப்போடு சரி.

சென்ற நவராத்திரியில் அவர் வீட்டுத் தாம்பூலப் பைகளில் பொட்டலம் இல்லை. அண்ணியார் அதற்கு ஈடாக இரண்டு ஏலக்காயும் நான்கு கிராம்பும் காகிதத்தில் மடித்து வைத்திருந்தார்கள். பாக்கில்லாத் தாம்பூலம் மங்கலமாகுமா என்று மூன்றாம் மாடி மாமி கேட்டாராம். கீழ்வீட்டுப் பையன் பையைத் துழாவிப் பார்த்து, ஒன்றும் அகப்படாமல், வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு போனான். அண்ணாச்சி அன்று காலைதான் இருபத்திரண்டாவது குச்சியைக் கூட்டியிருந்தார்.